வாய்தாக்களுக்கு நடுவே சலிக்காமல் இருக்க: புது வக்கீல்களுக்கு ஒரு வழிகாட்டி

கவுன் போட்டு ஆறேழு மாதம் ஆன ஜூனியர்களிடம் "தொழில் எப்படிப் போகுது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரி பதில்தான் வரும். "தினமும் கோர்ட்டுக்குப் போறேன் சார். சாயங்காலம் யோசிச்சா ஒண்ணும் செஞ்ச மாதிரியே இல்லை." காரணம் எளிது. பத்தரைக்குக் கோர்ட் கூடுகிறது. நம் வழக்கு லிஸ்டில் நாற்பத்திரண்டாவது. கூப்பிடும்போது மணி பன்னிரண்டு. எதிர்த்தரப்பு ஜூனியர் எழுந்து நேரம் கேட்கிறார். அரை நிமிடத்தில் அடுத்த மாதத் தேதி விழுகிறது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்ததற்குக் கிடைத்தது டைரியில் ஒரு வரி.

இந்த நிலையில் இருப்பவரிடம் போய் "பாசிட்டிவாக யோசி" என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. யோசனை மாறுவதற்கு முன் நாளின் அமைப்பு மாற வேண்டும் என்பது என் கட்சி. வழக்கின் முடிவு நீதிபதி, எதிர்த்தரப்பு வக்கீல், சாட்சி, கட்சிக்காரர், நீதிமன்ற அலுவலகம் என்று பலர் கையில் இருக்கிறது. நம் மனநிலையையும் அங்கேயே கொண்டுபோய் அடகு வைத்தால் மாதத்தில் இருபது நாள் சோர்ந்துதான் வீடு திரும்ப வேண்டும். நம் கையில் இருப்பவை வேறு: கேஸ் கட்டு, டைரி, கட்சிக்காரரிடம் சொல்லும் வார்த்தை, கூப்பிட்டவுடன் எழுந்து பதில் சொல்லும் தயார்நிலை. இவற்றை ஒழுங்குபடுத்துவது எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டின் மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களில் தொழில் தொடங்குபவர்களை மனதில் வைத்து எழுதியது. பெரிய கம்பெனிகளின் சட்டப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு வேறு தலைவலிகள். அது தனிக் கட்டுரை.

சேருவதற்கு முன்பே பணத்தைப் பேசிவிடுங்கள்

மனநிலை பற்றிய கட்டுரையில் முதலில் பணமா என்று கேட்கலாம். பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வீட்டில் கை நீட்டிக்கொண்டிருக்கும் வரை எந்த நல்ல மனநிலையும் ஒட்டாது.

இன்னும் பதிவு செய்யாதவர்களுக்கு ஒரு தகவல். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, வழக்கறிஞர்கள் சட்டத்தில் சொல்லப்பட்ட பதிவுக் கட்டணத்துக்கு மேல், வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது. முத்திரைத் தீர்வை தவிர்த்து, பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய். அதற்கு முன் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். பதிவு செய்த பிறகு அகில இந்திய பார் தேர்வு இருக்கிறது. இரண்டு வருஷ அவகாசம் உண்டு, குறிப்புகள் இல்லாத சட்டப் புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம். தள்ளிப் போடாமல் முதல் வாய்ப்பிலேயே முடித்துவிட்டால் ஒரு பாரம் இறங்கும்.

அடுத்தது மாதத் தொகை. சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுறுத்தலை அடுத்து 2024-ல் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் ஒரு சுற்றறிக்கை விட்டது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய். அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரங்களுக்கு 20,000, கிராமப் பகுதிகளுக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. நடைமுறை எல்லோருக்கும் தெரியும். பல அலுவலகங்களில் இன்னும் பெட்ரோல் காசுதான். ஆனாலும் இந்தச் சுற்றறிக்கை இருப்பதால் ஒரு நன்மை: கேட்பது கௌரவக் குறைச்சல் என்ற கூச்சம் வேண்டியதில்லை.

கேட்கும் விதம் முக்கியம். சேருகிற அன்றே, தனியாக இருக்கும்போது, மூன்று கேள்விகள் போதும். "சார், மாசம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? எனக்குன்னு தனியா வர்ற சின்ன கேஸ் எடுத்துக்கலாமா? சனிக்கிழமை ஆபீஸ் வேலை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?" பதில் குறைவாகவே இருந்தாலும், தெரிந்து சேர்வதற்கும் தெரியாமல் சேர்ந்து மூன்றாம் மாதம் மனம் கசப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

முந்தின நாள் மாலை அரை மணி நேரம்

நாளை நன்றாகப் போகுமா என்பது இன்று மாலை முடிவாகிவிடுகிறது. கோர்ட் ஹாலில் ஜூனியருக்கு வரும் பயத்தில் பாதிக்கு மேல், நீதிபதி ஏதாவது கேட்டு நமக்குத் தெரியாமல் நிற்க வேண்டியிருக்குமோ என்ற பயம். அதற்கு மருந்து ஒரே ஒரு தாள்.

இ-கோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் வழக்கின் நிலை, அடுத்த தேதி, போன வாய்தாவில் என்ன நடந்தது எல்லாம் வந்துவிடும். அதைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நாளைய ஒவ்வொரு கட்டின் முகப்பிலும் ஒரு தாளை வைத்துக் கையால் எழுதுங்கள். ஒரு பாதை வழக்கு என்று வைத்துக்கொள்வோம். தாள் இப்படி இருக்கலாம்:

வாதி அண்ணன், பிரதிவாதி தம்பி. நாம் தம்பிக்கு. வீட்டுக்குக் கிழக்கே உள்ள மூன்றடிப் பொதுப்பாதையை அடைக்கக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கேட்கிறார்கள். நிலை: எதிருரை (வாதியின் வழக்குக்கு நம் எழுத்துப் பதில்) தாக்கல். சம்மன் சார்வான (நம் கட்சிக்காரர் கைக்குக் கிடைத்த) தேதி இது. எதிருரைக்குக் கெடு: 30-வது நாள் இது, 90-வது நாள் இது. போன வாய்தாவில் நேரம் கேட்டது நாம். கேட்டால் சொல்ல வேண்டியது: எதிருரை தயார், கட்சிக்காரர் கையெழுத்து மட்டும் பாக்கி, அடுத்த வாரம் எந்தத் தேதி கொடுத்தாலும் சரி. அவர்கள் இடைக்கால மனுவில் அவசரம் காட்டினால்: இடத்தைப் பார்க்கக் கோர்ட் நியமித்த கமிஷனரின் அறிக்கை இன்னும் வரவில்லை என்று சொல்ல வேண்டும்.

எட்டு வரி. எழுதப் பத்து நிமிடம் ஆகாது. ஆனால் இந்தத் தாளோடு நிற்கும் ஜூனியரின் குரலே வேறு மாதிரி இருக்கும். "சீனியர் வரார் யுவர் ஆனர், பாஸ் ஓவர்" (கொஞ்சம் கழித்துக் கூப்பிடுங்கள்) என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்த ஜூனியரையும், காரணத்தையும் தேதியையும் சேர்த்துச் சொன்ன ஜூனியரையும் நீதிபதிகள் மறப்பதில்லை. இரண்டாமவரைச் சில மாதங்களில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்த வயதில் அது பெரிய சம்பளம்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கட்டு இருந்தால் பன்னிரண்டுக்கும் எழுத முடியாதுதான். சார்வுக்காக நிற்கும் கட்டுகளை விட்டுவிடுங்கள். விசாரணைக்கும் வாதத்துக்கும் உத்தரவுக்கும் இருப்பவற்றுக்கு மட்டும் எழுதுங்கள்.

கோர்ட் ஹாலில் காத்திருக்கும் நேரம்

காத்திருப்பைத் தவிர்க்க முடியாது. அந்த நேரத்தில் போனை எடுத்தால் மதியத்துக்குள் மண்டை கனத்துவிடும். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். பதிலாக, ஒரு நாளுக்கு ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இன்று ஜாமீன் மனுவில் அரசு வக்கீல் எந்த மூன்று காரணங்களைச் சொல்லி எதிர்க்கிறார். நாளை, ஆவணத்தைச் சான்றாகக் குறியீடு செய்ய ஆட்சேபணை எப்படிச் சொல்கிறார்கள். அடுத்த நாள், குறுக்கு விசாரணை.

குறுக்கு விசாரணையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். முன்சீப் கோர்ட்டில் ஒரு கடன் உறுதிச் சீட்டு வழக்கு. வாதி தன் சாட்சியத்தில், சீட்டைப் பத்திர எழுத்தர் கடையில் வைத்து எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். இப்போது கூண்டில் நிற்பவர் வா.சா.2, அதாவது வாதி தரப்பின் இரண்டாம் சாட்சி, சீட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்.

"எழுதும்போது நீங்க கூட இருந்தீங்களா?"

"இருந்தேங்க."

"எந்த இடத்துல வச்சு எழுதினாங்க?"

"வாதி வீட்டுத் திண்ணையில."

இந்த இடத்தில் புது வக்கீலுக்குக் கை துறுதுறுக்கும். "அப்ப வாதி வேற இடம் சொன்னாரே?" என்று கேட்டே தீர வேண்டும் போல இருக்கும். கேட்டால் என்ன ஆகும்? சாட்சி சுதாரித்துக்கொண்டு, "முதல்ல வீட்டுல பேசினோம், அப்புறம்தான் கடைக்குப் போய் எழுதினோம்" என்று ஓட்டையை அடைத்துவிடுவார். விவரம் தெரிந்த வக்கீல் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் "அப்ப மணி என்ன இருக்கும்?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். முரண்பாடு சாட்சியத்தில் பத்திரமாகப் பதிவாகிவிட்டது. அதை எடுத்துப் பேச வேண்டிய இடம் வாதம்.

கேட்காமல் விடும் கேள்வியின் அருமையைச் சட்டக் கல்லூரியில் சொல்லித் தருவது கடினம். இதை இலவசமாகப் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு நேரம் வீணாகிறது என்று நினைக்கிறோம். அன்றைக்குப் பார்த்ததை ஐந்து வரியில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "என் கேஸ் வாய்தா. ஆனா இன்னிக்கு இதைக் கத்துக்கிட்டேன்" என்று எழுத்தில் இருந்தால், ஒன்றும் செய்யவில்லை என்று மனம் சாயங்காலம் போடும் கணக்கு நிற்காது.

பெஞ்ச் கிளார்க், டைப்பிஸ்ட், நீதிமன்ற உதவியாளர்கள், மற்ற அலுவலக குமாஸ்தாக்கள் எல்லோரையும் பெயர் தெரிந்து வைத்துப் பேசுங்கள். ஜூனியருக்கு முதலில் தொழில் சொல்லித் தருபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

வாய்தா விழுந்தால்

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17-ம் கட்டளைப்படி, ஒரு வழக்கு விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கொடுக்கக் கூடாது. எத்தனை வாய்தாவுக்குப் பிறகு ஒரு வழக்கு முடிகிறது என்பது கோர்ட் வாசல் டீக்கடைக்காரருக்கே தெரியும். நாடு முழுக்க மாவட்ட அளவிலான நீதிமன்றங்களில் 4 கோடிக்கு மேல் வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன. உங்கள் வழக்கு தள்ளிப் போனதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் எல்லா வாய்தாவும் ஒன்றில்லை. டைரியில் அடுத்த தேதிக்குப் பக்கத்தில் ஒரு எழுத்துப் போட்டுப் பழகுங்கள். நம்மால் வந்த வாய்தாவுக்கு 'ந', எதிர்த்தரப்பால் வந்ததற்கு 'எ', நீதிபதி விடுப்பு, பார் அசோசியேஷன் புறக்கணிப்பு போன்றவற்றுக்கு 'கோ'. மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். 'எ', 'கோ' இரண்டையும் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். 'ந' எத்தனை? சம்மனுக்குப் பேட்டா (அனுப்பும் செலவு) கட்டாதது, சாட்சிக்குத் தகவல் சொல்லாதது, அசல் பத்திரத்தைக் கட்சிக்காரரிடமிருந்து வாங்கி வைக்காதது. இவற்றைக் குறைக்க உங்களால் முடியும். குறையும்போது தெரியும், தெரியும்போது தெம்பு வரும்.

இன்னொன்று, அன்று சாயங்காலமே கட்சிக்காரருக்கு ஒரு போன். "வாய்தா போட்டாச்சு, பதினாலாம் தேதி வாங்க" என்று சொல்லி வைத்தால் அவர் மனதில் வக்கீல் சரியில்லை என்றுதான் படும். பதிலாக, "இன்னிக்கு அவங்க சாட்சியைக் கூட்டிட்டு வரலைங்க. ஜட்ஜ் கடைசி வாய்ப்புன்னு சொல்லித்தான் டைம் கொடுத்திருக்கார். பதினாலாம் தேதியும் வரலைன்னா அவங்க தரப்பு சாட்சியத்தை முடிச்சிடுவாங்க. நீங்க அன்னிக்கு வரணும்னு அவசியமில்லை, நான் கூப்பிடுறேன்." ஒன்றரை நிமிடம். கட்சிக்காரர் நிம்மதியாகத் தூங்குவார், ராத்திரி பதினொரு மணிக்கு உங்களை எழுப்ப மாட்டார்.

கட்சிக்காரரின் பாரம் எவ்வளவு தூரம்

வக்கீலிடம் யாரும் சந்தோஷமான நாளில் வருவதில்லை. பாகப் பிரிவினையில் அக்காவும் தம்பியும் வராந்தாவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்பார்கள். ஜீவனாம்ச வழக்கில் குழந்தையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெண் பேச ஆரம்பித்தால் உங்களுக்கு அன்று சாப்பாடு இறங்காது. கேட்க வேண்டும், முழுதாகக் கேட்க வேண்டும். ஆனால் கேட்டதிலிருந்து வழக்குக்குத் தேவையான தேதி, ஆவணம், சாட்சி ஆகிய மூன்றையும் எழுத ஆரம்பித்துவிடுங்கள். எழுதும் கை இருந்தால் மனம் மூழ்காது. அவருக்கும் தன் கதை எங்கோ போய்ச் சேர்கிறது என்ற ஆறுதல் கிடைக்கும்.

"ஜெயிச்சிடுவோம்ல சார்?" என்ற கேள்விக்குப் புதியவர்கள் பெரும்பாலும் "கண்டிப்பா" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தையால் அடுத்த நான்கு வருஷ வாய்தாவும் உங்கள் தலையில் விழும். "நம்ம பக்கம் பலமான விஷயம் இது, பலவீனம் இது, நாம செய்யப் போறது இது" என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லிப் பழகுங்கள். வழக்கின் பலனில் பங்கு பேசி ஃபீஸ் வாங்கக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதி சொல்கிறது. ஒழுக்கத்துக்காக வைத்த விதிதான். ஆனால் மன அமைதிக்கும் அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது: உழைப்புக்குக் கூலி வாங்குகிறோம், முடிவில் நமக்குப் பங்கு இல்லை.

போன் நேரத்தையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு என்றால் அதுதான். கைது, போலீஸ் ஸ்டேஷன் என்றால் எந்த நேரமும் கூப்பிடலாம் என்று விதிவிலக்கையும் சேர்த்துச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

தோற்ற நாளில்

தீர்ப்பு வருகிற ஒவ்வொரு வழக்கிலும் ஒரு வக்கீல் தோற்றுத்தான் வீட்டுக்குப் போகிறார். சில நாள் அது நீங்களாக இருப்பீர்கள். அன்றைக்கு உட்கார்ந்து யோசிக்காமல் கைக்கு வேலை கொடுங்கள்.

முதலில், அன்றே தீர்ப்புக்கும் தீர்ப்பாணைக்கும் (தீர்ப்பின் முடிவைச் சொல்லும் முறையான உத்தரவு) நகல் மனு போடுங்கள். முன்சீப் கோர்ட் தீர்ப்பாணையை எதிர்த்துச் சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். உயர் நீதிமன்றத்துக்குப் போகும் முதல் மேல்முறையீடு என்றால் 90 நாள். நகல் வாங்க ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் கழியும், அதனால்தான் நகல் மனு போட்ட தேதி அவ்வளவு முக்கியம். நம் தரப்பு வராததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை ஆகியிருந்தால் அதை ரத்து செய்ய மனுப் போட 30 நாள். இரண்டாவது, கட்சிக்காரருக்கு நீங்களே சொல்லுங்கள், குமாஸ்தாவை விட்டுச் சொல்லாதீர்கள். மூன்றாவது, தீர்ப்பை அன்று படிக்காதீர்கள். இரண்டு நாள் கழித்துப் பென்சிலோடு படியுங்கள். எந்த ஆவணத்தை ஏற்கவில்லை, எந்தச் சாட்சியை நம்பவில்லை, எந்த எழுவினாவில் (கோர்ட் தீர்மானிக்க எடுத்துக்கொண்ட கேள்வி) விழுந்தோம். மேல்முறையீட்டுக் காரணங்களில் பாதி அந்தப் பென்சில் கோடுகளிலேயே எழுதப்பட்டிருக்கும்.

கெட்டதையே முதலில் பார்க்கும் பழக்கம்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலின் சோர்வில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

ஒரு விற்பனை ஒப்பந்தம் எழுதும்போது வக்கீல் என்ன செய்கிறார்? மீதிப் பணம் தராவிட்டால்? விற்பவர் நடுவில் செத்துப்போனால்? வில்லங்கம் பின்னால் முளைத்தால்? எது எது கெட்டுப்போகலாம் என்று முன்கூட்டியே பார்ப்பதற்குத்தான் நமக்கு ஃபீஸ் கொடுக்கிறார்கள். அதில் தேறினால்தான் நல்ல வக்கீல். சிக்கல் என்னவென்றால், கவுனைக் கழற்றி மாட்டுகிற மாதிரி இந்தப் பழக்கத்தைக் கழற்ற முடிவதில்லை. வீட்டில் குழந்தைக்குச் சளி என்றாலும், நண்பன் போனை எடுக்கவில்லை என்றாலும் மனம் அதே வேகத்தில் மோசமான முடிவுக்கு ஓடுகிறது.

பழக்கத்தை விட முடியாது, விடவும் கூடாது. அதற்கு ஓர் இடம் ஒதுக்கலாம். ஒவ்வொரு கட்டிலும் "என்னென்ன தப்பாகலாம்" என்று ஒரு தாள் போடுங்கள். அந்த வழக்கைப் பற்றி வரும் பயம் எல்லாம் அங்கே போகட்டும், பக்கத்தில் அதற்கு என்ன செய்வோம் என்று அரை வரி. எழுதிய பயம் திரும்பத் திரும்ப வருவது குறையும்.

வக்கீல்களை நடு ராத்திரியில் எழுப்புவது பெரும்பாலும் லிமிட்டேஷன், அதாவது வழக்கும் மேல்முறையீடும் போடச் சட்டம் வைத்த காலக்கெடு. அதற்கு டைரியின் கடைசிப் பக்கங்களில் கெடு தேதிகளுக்கென்று தனிப் பட்டியல் வையுங்கள். செக் பவுன்ஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட, செக் கொடுத்தவருக்கு 15 நாள். அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல். மூன்று கெடு. மூன்றையும் வழக்கு கைக்கு வந்த அன்றே எழுதிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்னதாக இன்னொரு தேதியையும் எழுதி, அதைப் போனிலும் போட்டு வையுங்கள். இந்தப் பட்டியலை வாராவாரம் சனிக்கிழமை ஒரு தடவை படித்தால் போதும், மற்ற ஆறு நாள் அதை மனதில் சுமக்க வேண்டியதில்லை.

வருமானம் கூடினால் இந்தக் கவலை எல்லாம் போய்விடும் என்றுதான் ஜூனியராக இருக்கும்போது தோன்றும். அமெரிக்காவில் லாரன்ஸ் கிரீகர், கென்னன் ஷெல்டன் என்ற இருவர் 6,000-க்கும் மேற்பட்ட வழக்கறிஞர்களிடம் விசாரித்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வருமானம், கல்லூரி மதிப்பெண், நிறுவனத்தில் பங்குதாரர் அந்தஸ்து ஆகியவற்றுக்கும் மகிழ்ச்சிக்கும் இருந்த தொடர்பு குறைவு. தன் வேலையில் தனக்குத் திறமை இருக்கிறது என்ற உணர்வு, தன் முடிவைத் தானே எடுக்கும் சுதந்திரம், உடன் இருப்பவர்களோடு நல்ல உறவு, இவற்றுக்கு இருந்த தொடர்புதான் வலுவானது. அங்கத்திய சூழல் வேறு, அடிப்படைச் செலவுக்கே திண்டாடும் ஜூனியரிடம் பணம் முக்கியமில்லை என்று சொல்ல இதைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் அந்த மூன்று விஷயங்களும் நம் ஊர் பார் ரூமிலும் பொருந்துவதைப் பார்க்கிறேன்.

புதுச் சட்டங்கள், இலவச சட்ட உதவி

திறமை என்றதும் ஒரு நல்ல செய்தி. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா, நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, சாக்‌ஷிய அதிநியம் நடைமுறைக்கு வந்துவிட்டன. முப்பது வருஷமாகக் கொலைக்கு 302, மோசடிக்கு 420 என்று நாக்கில் புரண்ட எண்கள் இப்போது 103, 318 ஆகிவிட்டன. சீனியர்களே புரட்டிப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அந்தத் தேதிக்கு முந்தைய குற்றங்களுக்கு இன்னும் பழைய தண்டனைச் சட்டம்தான் என்பதால் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். பழைய பிரிவு, புதுப் பிரிவு, மாறிய வார்த்தை என்று மூன்று பத்தியில் நீங்களே ஓர் அட்டவணை தயாரியுங்கள். அலுவலகத்தில் உங்களைத் தேடி ஆள் வரும்.

அதேபோல் தாலுகா அளவில் இலவச சட்ட உதவி தரும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் பெயர் கொடுத்து வையுங்கள். கட்டணம் சொற்பம். ஆனால் சமரசமாக வழக்கை முடிக்கும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கோ வங்கிக் கடன் வழக்கோ ஒரே நாளில் முடிவதைப் பார்க்கலாம். அங்கே ஆகும் உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். முடிவையே பார்க்காத ஜூனியருக்கு, முடிந்த வழக்கின் காகிதத்தைக் கையில் வாங்குவது அவசியமான அனுபவம்.

சோர்வு எல்லை மீறினால்

வார விடுமுறையிலும் போகாத சோர்வு, தொடர்ந்து தூக்கமின்மை, கோர்ட் வளாகத்தைப் பார்த்தாலே படபடப்பு, சாயங்காலமானால் குடித்தால்தான் ஆகும் என்ற நிலை, இதெல்லாம் இந்தக் கட்டுரையில் உள்ள உத்திகளால் தீராது. மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். பார் ரூமில் தெரிந்துவிடும் என்ற பயத்தால் தள்ளிப் போடாதீர்கள்.

சீனியர், அலுவலகம் மாறுவது

சீனியர் திட்டாத ஜூனியர் இல்லை. திட்டை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். "இந்த மனுவில் வழக்குக்கான காரணம் எப்போது எழுந்ததுன்னே எழுதலை, என்னய்யா டிராஃப்ட் இது?" என்பது வேலையைப் பற்றியது, சத்தம் அதிகமாக இருந்தாலும் அதில் பாடம் இருக்கிறது. நீங்கள் எழுதியதையும் கடைசியில் தாக்கலானதையும் பக்கத்தில் வைத்து, என்ன அடித்தார், என்ன சேர்த்தார் என்று பாருங்கள். சீனியர் வாயால் சொல்லாததெல்லாம் அந்தத் திருத்தங்களில் இருக்கும்.

சாதியை, குடும்பத்தை, உருவத்தை, ஆங்கில உச்சரிப்பைச் சொல்லிக் கட்சிக்காரர்கள் முன்னால் திட்டுவது வேறு. அதைத் தாங்குவது தொழில் பயிற்சியின் பகுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெண் ஜூனியர்களுக்கு இன்னொரு தகவல்: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் வக்கீல் அலுவலகத்துக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவான அலுவலகம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் புகார் கொடுக்கலாம்.

மாறுவது என்று முடிவு செய்தால் கோபத்தில் ஒரே நாளில் வெளியேறாதீர்கள். ஊர் சின்னது, நாளைக்கே அவர் எதிர்த்தரப்பில் நிற்பார், நாளன்றைக்கு உங்களைப் பற்றி ஒருவர் அவரிடம்தான் விசாரிப்பார். ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். மே மாதக் கோடை விடுமுறையை ஒட்டி மாறினால் இரண்டு பக்கமும் வசதி. உங்கள் பொறுப்பில் இருக்கும் கட்டுகளுக்கு ஒரு பட்டியல் போடுங்கள்: வழக்கு எண், நிலை, அடுத்த தேதி, பாக்கி வேலை, உள்ளே இருக்கும் அசல் ஆவணங்கள். கட்டுகளைக் குமாஸ்தாவிடம் எண்ணி ஒப்படைத்து, பட்டியலின் ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வக்காலத்தில் உங்கள் பெயரும் இருக்கும் வழக்குகளில் யார் தொடர்ந்து ஆஜராவது என்பதைச் சீனியரிடம் பேசி, கட்சிக்காரருக்கும் அவர் மூலமாகவே சொல்லச் சொல்லுங்கள்.